ரேம் போடப் போய் இருந்த ரேமும் போனது

ஆத்திரத்தில் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் ஒரு கணினிக் கடையில் 14,500 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் லெப்டொப் 2021இல் வாங்கியது. உள்ளே 8 ஜிபி ரேம் ஒன்று, பக்கத்து ஸ்லொட் காலி. அதில் இன்னொரு 8 ஜிபி, டிடிஆர்4 வகை, வேகம் 3200, போட்டால் போதும். இவ்வளவையும் பார்த்து, ஸ்கிரீன்ஷொட்டும் எடுத்துக்கொண்டுதான் போனேன். கடைக்காரர் பெட்டி பிரிக்காத ரேமைக் கையில் தந்தார். "வெயிலுக்குள்ள ஏன் நிக்கிறீங்க தங்கச்சி, ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாங்க, அரை மணித்தியாலம்." அந்தத் 'தங்கச்சி'யில் விழுந்தேன். திரும்பி வந்தபோது திரையில் 16 ஜிபி. 15,000 நீட்டி, மிச்சம் 500ஐ "வச்சுக்கொள்ளுங்க அண்ணா" என்று விட்டுவந்த மகாராணி நான்!

அன்றிரவே இரண்டு தரம் நீலத்திரை காட்டி லெப்டொப் நின்றுபோனது. டாஸ்க் மனேஜரில் வேகம் 2133. வேகம் குறைந்த ரேமைச் சேர்த்தால் மற்றதும் அதோடு இறங்கும், தெரியும். ஆனால் பழையதும் 3200, புதியதும் 3200 அல்லவா? ரேமின் விவரங்களைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். இரண்டுமே 2133, தயாரித்த ஆண்டு 2016. என் லெப்டொப்புக்கு ஐந்து வயது மூத்த ரேம்! காசு கொடுத்ததும் இல்லை, என்னுடையதும் இல்லை.

மறுநாள் 100 பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன். முதலில் "பாவிக்க ரெண்டும் ஒண்டுதான்" என்றார். ஸ்கிரீன்ஷொட்டைக் காட்டியதும் "வீட்டில திறந்து நீங்களே மாத்தியிருப்பீங்க." அப்புறம் "முதலாளி சனிக்கிழமைதான் வருவார்." சனிக்கிழமை போனால் முதலாளி கண்டியில். வட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்கத்தான் போகிறேன், ஆனால் கையிலிருக்கும் துண்டில் 'ரேம் 8 - 14,500' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

சரி, சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், டீ பிறகு குடிக்கலாம். பழைய ரேமின் லேபிளைப் படமெடுங்கள். பில்லில் சீரியல் இலக்கம் எழுதச் சொல்லுங்கள். வேகத்தைக் கடையிலேயே பாருங்கள். சில லெப்டொப்பில் ரேம் போர்டோடு ஒட்டியே வரும், அதையும்... பொறுங்கள், ஆள் இப்போது ஒன்லைனில் இருக்கிறார். எடுத்துப் பார்க்கிறேன்.