கனவளவைக் கட்டுவதா, அழுத்தத்தைக் கட்டுவதா?

யாழ்ப்பாணத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வரும் இளம் வைத்தியர்கள் செயற்கைச் சுவாசம் கொடுக்கும் வெண்டிலேட்டர் முன்னால் நின்றதும் கேட்பது இதைத்தான்: கனவளவு முறையா, அழுத்த முறையா?

முதலாவதில் மூச்சுக்கு இத்தனை மில்லிலீற்றர் என்று நாம் சொல்கிறோம். அதைத் தள்ளத் தேவையான அழுத்தத்தைக் கருவி எடுத்துக்கொள்கிறது. இரண்டாவதில் அழுத்தத்துக்கு வரம்பு. நுரையீரல் இடங்கொடுக்கும் அளவுக்கே காற்றுப் போகும்.

அழுத்த முறைதான் பாதுகாப்பு என்று கேட்ட மாத்திரத்தில் தோன்றும். எனக்கு அதில்தான் பயம். நள்ளிரவில் சளிக்கட்டி குழாயை அடைக்கிறது என்று வையுங்கள். கனவளவு முறையில் உச்ச அழுத்தம் எகிறும், அலாரம் அலறும். உள்மூச்சின் முடிவில் அரை விநாடி நிறுத்திப் பார்த்தால் உச்சம் 42 சென்ரிமீற்றர் நீர்; பிளாட்டோ, அதாவது காற்றோட்டம் நின்றபின் நுரையீரலுக்குள் இருக்கும் அழுத்தம், 22. கோளாறு நுரையீரலில் இல்லை. குழாயைப் பார், சளியை உறிஞ்சு. அழுத்த முறையிலோ திரையில் 25 என்றே சாதுவாக நிற்கும். சுருங்குவது மூச்சு. அதற்குரிய கீழ்வரம்பு அலாரத்தை வைக்க மறந்திருந்தால் காபனீரொட்சைட்டு சத்தமில்லாமல் ஏறும்.

தரையில் பாய் விரித்துப் படுத்தவரைக் கட்டுவிரியன் தீண்டினால் தசைகள்தான் சோர்கின்றன, நுரையீரல் நன்றாகவே இருக்கிறது. அவருக்குக் கனவளவு முறை போதும், விவாதமே வேண்டாம்.

2024 டிசம்பரில் இங்கே பரவிய எலிக்காய்ச்சல் வேறு கதை. அது முற்றினால் நுரையீரலுக்குள் இரத்தம் கசிந்து அது விறைத்துவிடும். விறைத்த நுரையீரலுக்கு வழிகாட்டி 2000ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வு: கிலோவுக்கு 12 மில்லிலீற்றருக்குப் பதிலாக 6 கொடுத்து, பிளாட்டோவை 30 சென்ரிமீற்றர் நீருக்குள் வைத்தபோது இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமானது. அந்த ஆய்வும் கனவளவு முறையில் நடந்ததுதான். கிலோ என்பது தராசு காட்டும் எடையல்ல, உயரத்திலிருந்து கணிப்பது. 165 சென்ரிமீற்றர் உயரமான ஆணுக்கு 61.5 கிலோ, ஆகவே மூச்சு ஏறத்தாழ 370 மில்லிலீற்றர். அவர் 90 கிலோ பருமன் என்றாலும் அதேதான்.

ஒரு முறை மற்றதைவிடக் கூடுதல் உயிர் காக்கிறது என்று இதுவரை நிறுவப்படவில்லை. ஆனால் நோயாளி விழித்துத் தானே இழுக்கத் தொடங்கியதும் அழுத்த முறை அவருக்கு இதம். கேட்ட வேகத்தில் காற்றுக் கிடைக்கிறது. அப்போது நான் பார்ப்பது வெளியே வரும் மூச்சின் கனவளவை. 370 இருந்த இடத்தில் 550 என்றால் நுரையீரல் தேறுகிறதா, அவர் மூச்சு முட்டி இழுக்கிறாரா என்று நெஞ்சையும் கழுத்தையும் பார்க்கிறேன். அழுத்தத்தைக் குறைப்பதா, மயக்க மருந்தைக் கூட்டுவதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.