குற்றவாளிக் கூண்டா, பிங்கோ அட்டையா, காட்டேஜ் நாற்காலியா?

கோடையில் ஒரு வாரம் கவார்த்தா ஏரிகள் பக்கம் காட்டேஜ் எடுத்துத் தங்குவது டொராண்டோக்காரர்களின் பழக்கம். நாங்களும் இரண்டு குடும்பமாகச் சேர்ந்து போனோம். இரண்டாம் நாளே படகின் மோட்டார் திணறி நின்றது. தூக்கிப் பார்த்தால் விசிறி முழுக்க நாடா நாடாகச் சுற்றிக்கொண்ட புல். சமையலறைக் கத்தியை வைத்து அரை மணி நேரம் அறுத்தேன். இவ்வளவு வாடகை வாங்குகிறவர்கள் இந்தக் களையை எடுத்துத் தொலைக்கக் கூடாதா என்று நான் கத்தியது எதிர்க்கரைக்கும் கேட்டிருக்கும்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாடகப் பிரதியைப் படித்துக்கொண்டிருந்தபோது அதே கத்தல் காதில் விழுந்தது. ஏரிக்கரையில் மரத்தளம் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பேசுகிறார். வார்த்தை அவருடையது, எரிச்சல் என்னுடையது. எழுதியவரோ எதிர்த்தரப்பு ஆள், அனிஷினாபே பூர்வகுடி.

நிலம் பறிபோன கதையை அழுதும் சொல்லலாம், வழக்காடியும் சொல்லலாம். வட அமெரிக்கப் பூர்வகுடி நாடகக்காரர்கள் பலர் மூன்றாவதாக ஒரு வழியைப் பிடித்தார்கள்: கிண்டல். அந்த வழியில் வந்த மூன்று நாடகங்களை அடுத்தடுத்துப் படித்தேன். முதலில் எதைப் படிக்கலாம் என்று கேட்கிறவர்களுக்காக இந்த அலசல். என் அளவுகோல் ஒன்றுதான்: பார்க்க வந்தவரை இந்த நாடகம் எங்கே உட்கார வைக்கிறது?

காலத்தால் மூத்தது ‘ஃபாக்ஹார்ன்’. மூடுபனியில் கப்பல்களுக்காக ஊதும் சங்கு என்று பொருள். எழுதியவர் ஹனேய் கியோகமா, ஓக்லஹோமாவில் பிறந்த கயோவா-டெலவேர் இனத்தவர். இதைப் புரிந்துகொள்ள 1969 நவம்பருக்குப் போக வேண்டும். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் கைவிடப்பட்ட சிறைத்தீவான அல்கட்ராஸைப் பூர்வகுடி இளைஞர்கள் பிடித்தார்கள். 1971 ஜூன் வரை, ஏறத்தாழ 19 மாதம், விடவில்லை. பிடித்த கையோடு ஓர் அறிவிப்பும் வெளியிட்டார்கள். தீவைச் சும்மா எடுக்கவில்லையாம், 24 டாலர் மதிப்புள்ள கண்ணாடி மணியும் சிவப்புத் துணியும் கொடுத்து வாங்குகிறார்களாம். மன்ஹாட்டனை வெள்ளையர் வாங்கியதாகச் சொல்லப்படும் விலை அது. 16 ஏக்கருக்கு இது நல்ல விலை என்றும், ஏக்கருக்கு 1.24 டாலர் வருகிறது என்றும், கலிஃபோர்னியப் பூர்வகுடிகளுக்கு அரசு தருவதோ ஏக்கருக்கு 47 சென்ட்தான் என்றும் கணக்குக் காட்டினார்கள். (24ஐ 16ஆல் வகுத்தால் 1.50 வரும். கணக்கு தப்பாக இருப்பதும் பழைய நிலப் பத்திரங்களின் மரபுதானே என்று நான் எடுத்துக்கொண்டேன்.) தண்ணீர் வசதி இல்லை, மண் பாறை, பள்ளிக்கூடம் இல்லை, ஆகவே இந்தத் தீவு வெள்ளையர் வரையறைப்படி பூர்வகுடிகளுக்கு ஒதுக்கும் நிலத்துக்கு மிகப் பொருத்தமானது என்று அடுத்த குத்து.

இந்தக் கிண்டலை நாடகம் இன்னும் ஊதிப் பெரிதாக்குகிறது. தீவு போதாது, அமெரிக்கா முழுவதையும் ‘கண்டுபிடித்த உரிமையில்’ திரும்ப எடுத்துக்கொள்கிறோம், இங்கே குடியிருக்கும் பெரும்பான்மையினருக்குப் பெரிய மனதோடு ஒரு துண்டு நிலம் ஒதுக்குகிறோம் என்கிறது மேடைக் குரல். தொடர்ந்து பட்டாசுக் கட்டு மாதிரி குட்டிக் காட்சிகள்: கன்னியாஸ்திரி, பள்ளி ஆசிரியை, பழைய கௌபாய் தொலைக்காட்சித் தொடரில் அடிமைத்தனத்துக்குப் பேர்போன பூர்வகுடித் துணையாள் டோன்டோ கடைசியில் தன் எஜமானன் லோன் ரேஞ்சரின் கழுத்தை அறுப்பது. எல்லாரும் கேலிச்சித்திரங்கள். கசப்பாகத் திட்டாமல் விளையாட்டாகச் சீண்ட வேண்டும் என்று ஆசிரியரே குறிப்பில் கேட்டுக்கொள்கிறார். முடிவில் ‘நாங்கள் குற்றவாளிகள் அல்ல’ என்று அறிவிக்கிறார்கள். அப்படியானால் யார்? மேடையில் இருந்தவர்கள் இறங்கிவிட்டதால் கூண்டு காலி, அதில் ஏற வேண்டியவர் பார்வையாளர்.

முதல் மேடையேற்றம் அமெரிக்காவில் அல்ல, 1973 அக்டோபரில் மேற்கு பெர்லினில். கார்ல் மே எழுதிய சிவப்பிந்தியச் சாகசக் கதைகளில் வளர்ந்த ஜெர்மானியர்கள் முன்னால் இதை நடித்ததை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. இருந்தாலும் இன்றைக்குப் படிக்கச் சிரமமான பிரதி இதுதான். லோன் ரேஞ்சரைத் தொலைக்காட்சியில் பார்க்காத தலைமுறைக்குப் பாதி வெடி நமத்துப்போயிருக்கிறது.

அடுத்தது ‘த ரெஸ் சிஸ்டர்ஸ்’, 1986 நவம்பரில் டொராண்டோவில் அரங்கேறியது. எழுதியவர் வடக்கு மனிடோபாவின் க்ரீ இனத்தைச் சேர்ந்த டாம்சன் ஹைவே. ஹூரான் ஏரியில் இருக்கும் மனிடூலின் தீவில் ஒரு கற்பனை ரிசர்வ் (பூர்வகுடிகளுக்கு ஒதுக்கிய ஊர்), அதில் ஏழு பெண்கள். உலகத்திலேயே பெரிய பிங்கோ ஆட்டம் (கூப்பிடும் எண்ணை அட்டையில் குறித்துப் பரிசு வெல்லும் சூதாட்டம்) டொராண்டோவில் நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டுக் காசு சேர்த்து, வேனைப் பிடித்துப் புறப்படுகிறார்கள். கதை அவ்வளவுதான். உடன்படிக்கை என்ற வார்த்தையை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாந்துதான் திரும்புவார். முதன்முறை படித்தபோது நானே, ‘இதில் நில உரிமை எங்கே இருக்கிறது?’ என்று பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

கூரையில் இருந்தது. நாடகம் தொடங்கும்போது பெலாஜியா என்கிற பெண் தன் வீட்டுக் கூரையில் ஏறி, ஓடு பதிக்க ஆணி அடித்துக்கொண்டிருக்கிறாள். கீழே புழுதிச் சாலை. ஜெயித்தால் அதற்குத் தார் போடுவது அவள் கனவு. அவள் தங்கை ஃபிலோமினாவின் கனவு பெரிய, அகலமான, வெள்ளை வெளேரென்ற டாய்லெட். புற்றுநோயோடு இருக்கும் மேரி அடேலுக்கு 14 பிள்ளைகள். அவர்களோடு போய் வாழ அவள் கேட்பது தனியாக ஒரு தீவு. தீவிலேயே பிறந்து வளர்ந்தவள் இன்னொரு தீவைப் பரிசாகக் கேட்கிறாள், அதுவும் பிங்கோக் காசில்! நிலத்தை இழந்தவர்களைப் பற்றி இதைவிடக் குத்தலாக எந்த மனுவிலும் எழுத முடியாது. அந்த மனிடூலினின் கிழக்குப் பகுதியை, 1862 உடன்படிக்கையில் மற்ற பகுதிகள் போனபோதும், அங்கிருந்தவர்கள் எழுதிக்கொடுக்கவில்லை. அந்தப் பகுதியின் பூர்வகுடிச் சமூகமான விக்வெமிகாங் இன்றுவரை ‘விட்டுக்கொடுக்காத’ என்ற அடைமொழியைச் சேர்த்தே தன்னைச் சொல்லிக்கொள்கிறது.

இதில்தான் நானாபுஷ் வருகிறான். அனிஷினாபேக்களின் எத்தன். க்ரீ மொழியில் வீசகேசாக். பாதி மனிதன், பாதி தெய்வம். ஏமாற்றுவான், ஏமாறுவான், ஆபாசம் பேசுவான், பாடமும் சொல்லித் தருவான். ‘அவன்’ என்று எழுதுவதுகூடத் தமிழின் கட்டாயம்தான், அந்த மொழிகளில் அவன்-அவள் வேறுபாடு கிடையாது. நம் கூத்தின் கட்டியங்காரன் உங்களுக்கு நினைவுக்கு வரலாம், எனக்கும் வந்தான். ஆனால் கட்டியங்காரன் பேசியே பிழைப்பவன், சபையைப் பார்த்துச் சொடுக்குப் போடுபவன். இந்த நானாபுஷ் பெரும்பாலும் ஆடுகிறான். வெள்ளைக் கடற்காக்கையாக வேலிமேல் உட்காருகிறான், பிறகு கருப்பு இரவுப்பறவையாகிறான். பறவைக்குள் இருப்பது யார் என்று தெரிவது சாகப்போகிற மேரி அடேலுக்கும் மனவளர்ச்சி குன்றிய ஜபூனிகனுக்கும் மட்டும்.

டொராண்டோவில் அவனே பிங்கோ நடத்துபவனாகப் பளபளவென்று வந்து நிற்கிறான். பார்வையாளர்களுக்குக் கொடுத்த நிகழ்ச்சித்தாளில் பிங்கோ அட்டை இருக்கும். அவன் எண் கூப்பிட, அரங்கமே ஓர் ஆட்டம் ஆட வேண்டும். டிக்கெட் வாங்கி நாடகம் பார்க்க வந்த கனவான், பக்கத்து இருக்கைக்காரரின் அட்டையை ஓரக்கண்ணால் பார்த்தபடி எண்ணைத் தேடுவார். அவரை யாரும் குற்றம் சாட்டவில்லை, அந்த ஏழு பெண்களில் எட்டாவது ஆளாக்கிவிட்டார்கள். பரிசு வரும் என்று நம்பிக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த ஆட்டத்தின் நடுவிலேயே நானாபுஷ் மறுபடி இரவுப்பறவையாகி மேரி அடேலை ஆடியபடியே கூட்டிப்போகிறான். நாடகமாக மூன்றில் இதுதான் உயரம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் எத்தனின் வேலையை நில வழக்குக்கே நேராக இறக்கியது மூன்றாவது நாடகம்தான். ட்ரூ ஹெய்டன் டெய்லரின் ‘காட்டேஜர்ஸ் அண்ட் இண்டியன்ஸ்’, 2018இல் டொராண்டோவின் டாரகன் தியேட்டரில் வந்தது. பேருக்குப் பின்னால் இருப்பது குழந்தைகள் விளையாடும் ‘கௌபாய்ஸ் அண்ட் இண்டியன்ஸ்’. மேடையில் இரண்டே பேர். மரத்தளத்தில் மொரீன், முதலில் சொன்ன அந்தப் பெண்மணி. படகில் அனிஷினாபேக்காரர் ஆர்தர், ஏரியில் மனூமின் விதைத்துக்கொண்டு.

மனூமினை நாம் காட்டரிசி என்கிறோம். நெல் இல்லை, நீரில் வளரும் ஒரு புல்லின் விதை. கதிர் முற்றியதும் ஒரு கோலால் படகுக்குள் வளைத்து இன்னொரு கோலால் தட்டுவார்கள். கொஞ்சம் படகில் விழும், கொஞ்சம் தண்ணீரில். தண்ணீரில் விழுவது அடுத்த வருட விளைச்சல். அப்புறம் காயவைத்து, வறுத்து, காலால் மிதித்து உமி நீக்கிப் புடைப்பார்கள். முறம் பிடித்த கைகளுக்கு விளக்கமே வேண்டாம். மொரீனுக்கோ அது நீந்தும்போது காலில் சுற்றும் களை, சொத்து மதிப்பைக் குறைக்கும் பச்சைக் கறை.

கற்பனைச் சண்டை அல்ல. கவார்த்தாவின் பிஜன் ஏரியில் கரைவாசிகள் மனூமினை இயந்திரம் வைத்து வெட்ட, 2015இல் விவகாரம் வெடித்தது. இங்கேதான் எனக்குப் பிடித்த முரண். எங்கள் ஏரியை இயற்கையாக இருந்தபடி விடுங்கள் என்பது மொரீன்களின் வாதம். ஆனால் அந்த ஏரிகளின் இன்றைய மட்டம் 1833இல் தொடங்கி 1920 வரை கட்டிய 386 கிலோமீட்டர் ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியின் அணைகள் தந்தது. அணை எழ எழ, பழைய மனூமின் திட்டுகள் மூழ்கின. ‘இயற்கை’யே ஒரு பொதுப்பணித் துறை வேலை!

சட்டக் கதை இன்னும் வளைவு. டெய்லரின் ஊரான கர்வ் லேக் உட்பட ஏழு பூர்வகுடிச் சமூகங்கள் 1923இல், நிலத்தை அரசுக்கு எழுதிக்கொடுக்கும் வில்லியம்ஸ் உடன்படிக்கைகளில் கையெழுத்திட்டன. வேட்டை, மீன்பிடி, சேகரிப்பு உரிமைகளும் அதில் போய்விட்டன என்று அரசு சொல்லியது, 1994இல் கனடா உச்ச நீதிமன்றமும் அதை ஆமோதித்தது. 2018இல் 1.11 பில்லியன் டாலர் இழப்பீட்டோடு அந்த உரிமைகளை அங்கீகரித்து அரசு மன்னிப்புக் கேட்டது. நாடகம் அதே வருடம் பிப்ரவரியில். தீர்வு வருவதற்குச் சற்று முன்னால் சிரித்துவைத்த நாடகம் என்று சொல்லலாம்.

நானாபுஷ் மேடைக்கு வருவதே இல்லை. ஆனால் ஆர்தர் செய்வது அவன் வேலைதான்: கோர்ட்டுக்குப் போகாமல், கோஷம் போடாமல், தாத்தா பாட்டி செய்ததைச் செய்கிறார், எதிராளிக்குத் தலை வெடிக்கிறது. விதைப்பது போராட்டமா, விவசாயமா, குறும்பா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. குறை என்று சொன்னால், பின்பகுதியில் இருவரும் தகவல் சொல்லிக் களைக்கிறார்கள். இருவரும் நேராக நம்மைப் பார்த்தே பேசுவதால் சில இடங்களில் பட்டிமன்ற வாடை. மொரீனை வில்லியாக்காமல் விட்டது டெய்லரின் கெட்டிக்காரத்தனம்.

நடித்துப் பார்க்க நினைப்பவர்களுக்குக் கணக்கு எளிது. ‘த ரெஸ் சிஸ்டர்ஸ்’க்கு ஏழு பெண்களும் ஆடத் தெரிந்த ஓர் ஆணும் வேண்டும், க்ரீ, ஒஜிப்வே (அனிஷினாபேக்களின் மொழி) வரிகளை உச்சரிக்கவும் வேண்டும். பூர்வகுடி நடிகர்கள் இல்லாமல் அதைத் தொடக் கூடாது என்பது என் கட்சி. ‘ஃபாக்ஹார்ன்’ வாசிக்க மட்டும். வீட்டுக் கூடத்தில் வாய்விட்டுப் படிக்க ‘காட்டேஜர்ஸ்’.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை ஸ்கார்பரோவில் ஆறு பேர் உட்கார்ந்தோம். ஆர்தருக்கு மூன்று பேர் போட்டி. மொரீனை யாரும் தொடவில்லை. “நீங்களே படியுங்களேன் அண்ணா, ஒரு வாரமாகக் களை களை என்று புலம்பினது நீங்கள்தானே,” என்றாள் காட்டேஜுக்கு எங்களோடு வந்திருந்த தங்கை முறைப் பெண். படித்தேன். எங்கே குரலை உயர்த்த வேண்டும், எங்கே ஒயினை உறிஞ்சிவிட்டு நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.