பார்க்கின்சன் நடைக்கு எது: மெட்ரோநோமா, டாங்கோவா, பிக் பயிற்சியா?

பார்க்கின்சன் வந்தவர்களுக்குத் தாளம், நடனம், பெரிய அசைவு என்று விதவிதமான பிசியோ பயிற்சிகள் இருக்கின்றன. வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் என்றால் எதில் தொடங்குவது என்று குழம்பிப் போவோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நடைதான் பிரச்சினை என்றால் தாளத்தில் தொடங்குங்கள், வருடக்கணக்கில் தொடர்வதற்கு நடனம்தான் சரி.

மூளையில் அசைவைச் சீராக வைக்க உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிய அழிய, அடுத்த அடியை எப்போது, எவ்வளவு எட்டி வைப்பது என்பதைத் தானாகப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு தளர்ந்துவிடுகிறது. அப்போது வெளியிலிருந்து ஒரு சீரான தட்டு காதில் விழுந்தால், கால் அதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. 1996-ல் அமெரிக்காவின் கொலராடோவில் மைக்கேல் தாவுட் குழு இதைச் சோதித்தது. 3 வாரம் வீட்டிலேயே தாளம் கேட்டு நடந்தவர்களின் நடை வேகம் சராசரியாக 25 சதவீதம் கூடியது, அடியின் நீளமும் 12 சதவீதம் கூடியது.

செய்வதும் சுலபம். அவரை வழக்கம்போல நடக்கவிட்டு 30 விநாடிக்கு எத்தனை அடி என்று எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 90 வந்தால் போனில் இருக்கும் இலவச மெட்ரோநோம் (சீரான இடைவெளியில் தட்டு கொடுக்கும் கருவி) செயலியில் 90 வையுங்கள், அது பழகிய பிறகு 5 முதல் 10 சதவீதம் வரை கூட்டலாம். மெட்ரோநோம் சலித்தால் அதே வேகத்தில் தாளக்கட்டு தெளிவாக இருக்கும் சினிமாப் பாட்டு போடலாம், ஆனால் நடுவில் இழுத்துப் பாடி வேகம் மாறுகிற பாட்டு எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும் இதற்கு உதவாது. குறை என்னவென்றால், பயிற்சியை விட்டால் பலன் மெல்லக் குறையும், அப்புறம் நேராக நடக்கப் பழக்குகிற அளவுக்கு, திசை மாறித் திரும்புவதைச் சமாளிக்க இது பழக்குவதில்லை.

அந்த இடத்தில்தான் டாங்கோ என்ற ஜோடி நடனம் ஜெயிக்கிறது. செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மேடலின் ஹாக்னியும் கேமன் எர்ஹார்ட்டும் 2009-ல் டாங்கோவை வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் நடனங்களோடு ஒப்பிட்டார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேர வகுப்புகள் 20. சமநிலை இரண்டிலுமே முன்னேறியது, ஆனால் டாங்கோ ஆடியவர்கள் இன்னும் கூடுதலான அம்சங்களில் முன்னேறினார்கள். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. டாங்கோவில் சட்டென்று நிற்க வேண்டும், மறுபடி கிளம்ப வேண்டும், பின்னால் அடி வைக்க வேண்டும், குறுகிய இடத்தில் திரும்ப வேண்டும். கதவு நிலையிலும் திருப்பத்திலும் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிற நோயாளி தடுமாறுவது இதே அசைவுகளில்தானே! கூடவே பிடித்துக்கொள்ள ஒரு துணையும் இருக்கிறது, பேச்சும் சிரிப்பும் இருக்கிறது, அதற்காகவே அடுத்த வாரமும் வரத் தோன்றும். நம் ஊர்களில் டாங்கோ வகுப்பு கிடைப்பது கடினம்தான். கும்மியில் கைதட்டலும் பக்கவாட்டு அடியும் வட்டமாகத் திரும்புவதும் இருப்பதால் அதை முயலலாம் என்பது என் யோசனை, ஆனால் கைப்பிடிப்பு கிடையாது என்பதால் பின்னால் ஒருவர் நின்றே ஆக வேண்டும்.

எல்எஸ்விடி பிக் என்பது அசைவுகளைப் பெரிதாகச் செய்யப் பழக்கும் பயிற்சி. இது வேறு ரகம், இதற்கு இசையே வேண்டாம். குரல் பயிற்சியிலிருந்து பிறந்த முறை இது. வாரம் 4 நாள், தினம் ஒரு மணி நேரம், 4 வாரம், ஆக 16 அமர்வுகள். நோயாளிக்குத் தான் சரியாகக் கை வீசுவதாகவே தோன்றும், ஆனால் பார்க்கிறவர்களுக்கு அந்த வீச்சு பாதிதான் தெரியும். அந்த அளவுக்கணக்கைத் திருத்துவதுதான் இதன் வேலை. 2010-ல் வெளியான பெர்லின் ஆய்வில் 60 பேரைப் பிரித்துப் பார்த்ததில், இரு கையிலும் கோல் ஊன்றி நடக்கும் நார்டிக் நடைப் பயிற்சி செய்தவர்களையும் வீட்டில் தானாகப் பயிற்சி செய்தவர்களையும்விட பிக் குழுவின் அசைவு மதிப்பெண்தான் தெளிவாக முன்னேறியது. நோயின் ஆரம்ப கட்டத்தில் இருப்பவருக்கு, செலவும் நேரமும் கட்டுப்படியானால், நான் தயங்காமல் இதைச் சொல்வேன். சான்றிதழ் பெற்ற பிசியோவைத் தேடுவதுதான் பாடு.

விழுந்துவிடுவோமோ என்ற பயம் மட்டும் பெரிதாக இருந்தால், மெதுவான அசைவுகள் கொண்ட சீனப் பயிற்சியான தாய்ச்சியையும் பாருங்கள். ஓரிகனில் 195 பேரை வைத்து 2012-ல் வெளியான ஆய்வில் அது எடைப் பயிற்சியைவிடச் சமநிலைக்கு நல்ல பலன் தந்தது.

எதை எடுத்தாலும் மாத்திரை போட்டு அது நன்றாக வேலை செய்கிற நேரத்தில் வையுங்கள். தாள நடையை முதலில் வீட்டுக்குள்ளோ மொட்டை மாடியிலோ ஒருவர் பக்கத்தில் வர ஆரம்பியுங்கள், இயர்போனோடு தெருவில் வேண்டாம், வண்டிச் சத்தம் கேட்காது.