எந்த ஹாட்பாட்டில் தொடங்கலாம்: சோங்சிங், ஷாந்தோ, கைலி

காரம் நமக்குப் புதிதா என்ற தைரியத்தில், சீனா போகும் நம்மவர்கள் பலர் முதலில் தேடுவது தென்மேற்குச் சீன நகரமான சோங்சிங்கின் ஹாட்பாட்டைத்தான். மேசையிலேயே கொதிக்கும் குழம்பில் இறைச்சி, காய்களை முக்கி வேகவைத்துச் சாப்பிடுவதுதான் ஹாட்பாட். நான் கைலியைத்தான் முதலில் சொல்வேன்.

சோங்சிங் குழம்பில் நாக்கைத் தடுமாற வைப்பவை மாட்டுக் கொழுப்பும் சிச்சுவான் மிளகும். கொழுப்பு வாயெல்லாம் படியும், மிளகு உதட்டை மரத்துப்போக வைக்கும். மிளகாய் தின்று பழகியவருக்கும் இதில் சலுகை கிடையாது. கொதிக்கும் குழம்பில் மாட்டு இரைப்பையைச் சுமார் 15 விநாடி முக்கியெடுத்து, பூண்டு போட்ட நல்லெண்ணெயில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். அதற்கு மேல் விட்டால் இறுகிவிடும். மாடு சாப்பிடாதவர்கள் உட்கார்ந்ததுமே 'சிங்யோ', அதாவது தாவர எண்ணெய்க் குழம்பு, கேட்டுவிடுவது நல்லது.

குவாங்தோங் கடற்கரையில் உள்ள ஷாந்தோ இதற்கு நேர் எதிர். தெளிந்த எலும்புச் சாறு, அன்றன்று வெட்டிய மாட்டிறைச்சியின் மெல்லிய சீவல்கள், தொட்டுக்கொள்ள ஷாச்சா. தென்கிழக்காசிய சாத்தேயிலிருந்து பிறந்த சாஸ் அது, மலேசியத் தமிழர்களுக்கு அந்நியமாகத் தெரியாது. குடிக்க, சின்னக் கோப்பையில் டான்சோங் என்ற ஊலாங் வகைத் தேநீர். அருமையான சாப்பாடுதான், ஆனால் மாட்டிறைச்சி வேண்டாம் என்பவருக்கு அங்கே அதிகம் கிடைக்காது.

குய்சோ மாகாணத்துக் கைலியில் மியாவ் என்ற சிறுபான்மை இன மக்களின் புளிக் குழம்பு மீன். சிவப்புக் குழம்பு தக்காளியும் மிளகாயும் புளித்தது. வெள்ளை, அரிசி கழுவிய நீரைப் புளிக்க வைத்தது. நீராகாரம் குடித்து வளர்ந்தவருக்கு உடனே பிடிபட்டுவிடும். மேலே மூஜியாங்சி என்ற சிறு காயின் எண்ணெய், எலுமிச்சைப் புல்லை நினைவூட்டும் மணம். உண்மையான சோதனை ஜெர்கென் என்ற வேர். மீன் கவிச்சி அடிக்கும், நறுக்கித் தொட்டுக்கொள்ளும் கிண்ணத்தில் போடுவார்கள். எனக்கு அது பிடித்துவிட்டது, பலருக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் கிண்ணத்தில் போட வேண்டாம் என்று சொல்லிவிடலாம், குழம்புக்கு ஒன்றும் ஆகாது. சோங்சிங்கின் காரக் குழம்பில் மிளகை அப்படி ஒதுக்க வழியில்லை, அது குழம்பிலேயே ஊறியிருக்கும். நான் கைலியை முன்னால் வைப்பதற்குக் காரணமே இதுதான். கூடவே ட்ஸிலி சாறு கேளுங்கள்: காட்டு ரோஜா இனத்துப் பழம், புளிப்பும் துவர்ப்புமாக இருக்கும்.

குய்சோவின் தலைநகர் குய்யாங்கிலிருந்து சோங்சிங்குக்கு 2018 முதல் அதிவேக ரயில் ஓடுகிறது, ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அதனால் கைலி, குய்யாங், அப்புறம் சோங்சிங் என்று வைத்துக்கொள்ளலாம். சோங்சிங்கில் முதல் வேளைக்கு, பாதி சிவப்பும் பாதி காரமில்லாததுமாகத் தடுத்த 'யுவான்யாங்' பாத்திரம் கேளுங்கள்.