சப்டைட்டில் எடிட்: வடிவ மாற்றத்திற்கு நம்பிப் பயன்படுத்தத்தக்க மென்பொருள்

காணொளி வெளியிடுபவர்கள் பலர், எஸ்ஆர்டி (SRT) என்னும் சப்டைட்டில் கோப்பின் பெயரில் கடைசி மூன்றெழுத்தை விடிடி என்று திருத்திவிட்டால் வடிவம் மாறிவிடும் என்று எண்ணுகிறார்கள். யூடியூப் எஸ்ஆர்டி, எஸ்பிவி, வெப்விடிடி (விடிடி கோப்பின் வடிவம்) ஆகியவற்றை ஏற்கும். ஆனால் சொந்த இணையதளத்தில் எச்டிஎம்எல்5 (இணையப் பக்க மொழி) காணொளியோடு இணைக்கும்போது உலாவிகள் வெப்விடிடியை மட்டுமே எதிர்பார்க்கின்றன. அதன் முதல் வரியில் WEBVTT என்று வடிவத்தின் பெயர் இருக்க வேண்டும். எஸ்ஆர்டியில் 00:00:05,200 என்று காற்புள்ளியோடு வரும் நேரக்குறி, இங்கே 00:00:05.200 என்று புள்ளியோடு இருக்க வேண்டும். தவறினால் திரையில் ஒரு வரியும் தோன்றாது.

இந்த வேலைக்கு நான் பரிந்துரைப்பது சப்டைட்டில் எடிட். டென்மார்க்கைச் சேர்ந்த நிரலாளர் ஒருவர் உருவாக்கிய இந்தத் திறமூல மென்பொருள் இலவசமானது. 300-க்கும் மேற்பட்ட வடிவங்களைக் கையாளக்கூடியது. மேற்பட்டையில் வடிவத்தையும் எழுத்துக் குறியாக்கத்தையும் (எழுத்துகளைக் கணினி பதிவுசெய்யும் முறை) தேர்ந்து சேமித்தால் ஒரு கோப்பின் வேலை முடிந்தது. தொகுப்பு மாற்றச் சாளரமோ, ஒரு தொடரின் எல்லாப் பகுதிகளையும் மொத்தமாக இழுத்துப் போட்டு ஒரே சொடுக்கில் மாற்ற உதவுகிறது.

நான் இதை உயர்வாக மதிப்பதற்கு முதன்மைக் காரணம், நேரத்தை அது கையாளும் விதம். மைக்ரோடிவிடி என்னும் பழைய வடிவச் சப்டைட்டில் கோப்புகளில் மணி, நிமிடம் இருக்காது. சட்டக (ஃபிரேம்) எண் மட்டுமே இருக்கும். நொடிக்கு 23.976 சட்டகங்கள் ஓடும் படத்திற்குச் செய்த கோப்பை 25 என்று கொண்டு மாற்றினால், தொடக்கத்தில் பொருந்தியிருப்பதுபோலத் தெரியும் வசனம், இரண்டு மணி நேரப் படத்தின் முடிவில் ஏறத்தாழ ஐந்து நிமிடம் முந்திவிடும். எல்லா வரிகளையும் ஒரே அளவு தள்ளிவைப்பதால் இது சரியாகாது. சட்டக வேகத்தைத்தான் மாற்ற வேண்டும். அதற்கான வசதி இதில் தனியாகவும் தொகுப்பு மாற்றத்திலும் உண்டு.

தமிழில் வேலை செய்பவர்கள் குறியாக்கத்தில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். நான் முன்பு பயன்படுத்திய ஓர் இணைய மாற்றி, தமிழ் வரிகளை வெறும் கேள்விக்குறிகளாகத் திருப்பித் தந்தது; அவ்வாறு சேமிக்கப்பட்ட கோப்பிலிருந்து மூல எழுத்தை மீட்கவே முடியாது. இங்கே தமிழ் உட்படப் பல மொழி எழுத்துகளையும் ஏற்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தைத் தேர்ந்துகொண்டால் அந்தக் கவலை இல்லை.

அலங்காரங்களை ஏற்கும் ஏஎஸ்எஸ் (ASS) என்னும் சப்டைட்டில் வடிவிலிருந்து எஸ்ஆர்டிக்கு மாற்றும்போது மட்டும் மூலத்தைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். பாடல் வரிகள் சொல்சொல்லாக நிறம் மாறும் அமைப்புக்கு எஸ்ஆர்டியில் இடமில்லை என்பதால், எந்த மென்பொருளும் அதைக் காப்பாற்ற இயலாது. சப்டைட்டில் எடிட்டின் மெனுக்கள் நெருக்கமாக இருப்பதால் புதியவர்களுக்குத் தொடக்கத்தில் சிறிது திகைப்பு ஏற்படலாம். கட்டளை வரியில் பழகியவர்களுக்கு, ஓரிரு கோப்புகளை மட்டும் மாற்ற எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்னும் கட்டளை வரி மென்பொருள் போதுமானது.

டிவிடியிலிருந்து எடுத்த படவடிவச் சப்டைட்டில்களையும் சப்டைட்டில் எடிட், படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் டெசராக்ட் மென்பொருளின் துணையோடு எழுத்தாக்குகிறது. டெசராக்டுக்குத் தமிழ்த் தரவு கிடைக்கிறது. ஆயினும் படமும் எழுத்தும் ஒரே சாளரத்தில் தெரிவதைப் பயன்படுத்திக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் ஒப்பிட்டுத் திருத்திய பிறகே வெளியிட வேண்டும்.