கீழே விழுந்த மடிக்கணினியும் செய்யாத ரீபாலிங்குக்குக் கொடுத்த 6,500 ரூபாயும்

சென்ற மாதம் என் மகளின் மடிக்கணினி கட்டிலிலிருந்து தரையில் விழுந்தது. ஓரத்தில் ஒரு கீறலைத் தவிர வெளியே எந்தச் சேதமும் தெரியவில்லை. மறுநாள் அவள் கல்லூரி இறுதியாண்டு ப்ராஜெக்ட் அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது திரை அப்படியே உறைந்து நின்றது. அணைத்துப் போட்டால் பூட் டிவைஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் வட்டு) இல்லை என்று காட்டியது. பத்து நிமிடம் கழித்துப் போட்டபோது ஒன்றுமே நடக்காததுபோல் திறந்துகொண்டது. அதன் பிறகு ஒருநாள் நன்றாக ஓடும், அடுத்த நாள் மூன்று முறை நிற்கும்.

அருகிலிருந்த ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தோம். கடைக்காரர் மூடியைக்கூடக் கழற்றிப் பார்க்காமல், “விழுந்ததுல மதர்போர்டு அடி வாங்கியிருக்கு சார், ரீபாலிங் பண்ணணும், 6,500 ஆகும்” என்றார். ரீபாலிங் என்பது போர்டிலிருந்து சிப்பைச் சூடாக்கிப் பெயர்த்தெடுத்து, அதன் அடியிலுள்ள ஈயக் குண்டுகளை நீக்கிவிட்டுப் புதியவற்றைப் பதித்து மீண்டும் பற்றவைக்கும் வேலை. விழுந்த கணினியில் அந்தப் பற்றவைப்புகளில் விரிசல் விழக்கூடும் என்பது உண்மைதான். அந்த உண்மைதான் என்னை நம்ப வைத்தது. மூன்று நாள் கழித்துப் பணத்தைக் கொடுத்து வாங்கிவந்தோம். நான்கு நாள் ஒழுங்காக ஓடியது, ஐந்தாம் நாள் பழைய கதை. திரும்பக் கொண்டுபோனபோது, இப்போது வேறு சிப் போயிருக்கிறது, போர்டையே மாற்ற 14,000 ரூபாய் ஆகும் என்றார்கள்.

அங்கே கொடுக்காமல், நண்பர் ஒருவர் சொன்ன வேறொரு மெக்கானிக்கிடம் சென்றோம். அவர் முதலில் என் மகளிடம், “எப்பம்மா நிக்குது? மேசையிலயா, மடியிலயா?” என்று கேட்டார். அவள் யோசித்துவிட்டு, மேசைமேல் இருக்கும்போது பெரும்பாலும் நிற்பதில்லை, மடியில் வைத்தால்தான் நிற்கிறது என்றாள். கணினியை ஓடவிட்டு, விசைப்பலகைக்குக் கீழே வலது உள்ளங்கை படும் இடத்தை அவர் மெல்ல அழுத்தினார். திரை உறைந்தது. இரண்டாம் முறை அழுத்தியபோதும் அதேதான் நடந்தது. அந்த இடத்துக்கு நேர் கீழே, கோப்புகளைச் சேமிக்கும் வட்டான எஸ்எஸ்டி இருந்தது. அதைப் போர்டுடன் இணைக்கும் மெல்லிய பட்டைக் கேபிளின் முனை, விழுந்த அதிர்ச்சியில் சாக்கெட்டிலிருந்து ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் சி7 என்ற எண்ணையும் காட்டினார். வட்டுக்கும் போர்டுக்கும் இடையே தகவல் சிதைந்து வந்த தடவைகளைக் கணக்கிடும் எண் அது. ஏறுமே தவிர இறங்காது. வட்டின் உள்ளே சேதத்தைக் காட்டும் மற்ற எண்கள் பூஜ்யமாக இருக்க, இது மட்டும் ஏறிக்கொண்டே போனால் முதலில் கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்றார். கேபிளுக்கு 450, கூலிக்கு 300. அன்றிலிருந்து மூன்று வாரமாக ஒருமுறைகூட நிற்கவில்லை.

என்னைக் கொதிக்க வைத்தது அடுத்துக் கண்டதுதான். ரீபாலிங் செய்ய வேண்டுமானால், சிப்பின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதியான ஹீட்சிங்கைக் கழற்றியே ஆக வேண்டும். திரும்பப் பூட்டும்போது, இரண்டுக்கும் இடையே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் என்ற பசையைப் புதிதாகத் தடவ வேண்டும். எங்கள் கணினியிலோ ஹீட்சிங்க் திருகுகளின் பள்ளத்தில் ஐந்தாண்டுத் தூசி கலையாமல் இருந்தது. கழற்றியபோது, பழைய பேஸ்ட் வெயிலில் காய்ந்த குளத்து மண்போல் வெடித்துக் கிடந்தது. முதல் கடையில் அந்தச் சிப்பின் பக்கம் ஒருவருமே போகவில்லை. மூடியைத் திறந்து மூடியதில் கேபிள் சற்று அமுங்கியிருக்க வேண்டும். அந்த நான்கு நாள் ஓட்டத்துக்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

விட்டுவிட்டு வரும் பழுதில் ஏமாற்றுவது இவ்வளவு எளிதாக இருப்பதற்குக் காரணம், ஒன்றும் செய்யாமல் கொடுத்தாலும் கணினி சில நாள் ஓடும் என்பதுதான். ஆகவே பழுதை உங்கள் கண்முன்னே வரவழைத்துக் காட்டாத கடையில் பெரிய வேலைக்குச் சம்மதிக்காதீர்கள். கொடுப்பதற்கு முன் கோப்புகளைப் படியெடுத்து வையுங்கள். கணினி எந்த நிலையில், எங்கே தொட்டால் நிற்கிறது என்பதைக் குறித்து வையுங்கள். திரை மட்டும் அணைகிறதென்றால் எச்டிஎம்ஐ கேபிளால் டிவியில் இணைத்துப் பாருங்கள். டிவியில் படம் நிலையாக வந்தால், பெரும்பாலும் கீல் வழியாகச் செல்லும் டிஸ்ப்ளே கேபிளிலோ திரையிலோதான் கோளாறு. சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கணினியில் விழுந்த பிறகு டிக் டிக் என்று சத்தம் கேட்டால் மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம், உடனே அணைத்துவிடுங்கள்.

பில்லையும் படித்துப் பாருங்கள். என் பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ் 6,500’ என்று மட்டுமே இருக்கிறது. ரீபாலிங் என்ற சொல்லே இல்லை. அதை அப்போது கவனிக்காமல் விட்டதால், அப்படிச் சொல்லவே இல்லை என்று இன்று அவர்களால் சாதிக்க முடிகிறது. என் கையில் மிஞ்சியவை, அந்தக் காய்ந்த பேஸ்ட்டையும் தூசியையும் இரண்டாவது மெக்கானிக் எடுத்த படங்களும், போர்டு மாற்ற 14,000 என்று அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும்தான். அவற்றை வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். சேவைக் குறைபாட்டுக்கு அங்கே வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணமும் இல்லை. கடையிலிருந்து நேற்றுத்தான் அழைப்பு வந்தது. 2,000 ரூபாய் தருகிறோம், புகாரைத் திரும்பப் பெறுங்கள் என்றார்கள். மறுத்துவிட்டேன்.