பெர்மெத்ரின் ஏற்றிய சட்டை: ஏற்காடு காப்பித் தோட்டத்தில் இரண்டு மாதம்

காப்பிச் செடிகளுக்கு நடுவே நின்று பழம் பறித்தவர்களுக்குத் தெரியும், அங்கே கொசு சாயங்காலம் வரை காத்திருக்காது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் பகலில்தான் கடிக்கும். போன வருடம் எங்களோடு பறிக்கும் அக்கா ஒருவர் டெங்குவில் பத்து நாள் படுத்துவிட்டார், அதனால்தான் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி மருந்து ஏற்றிய இந்த முழுக்கைச் சட்டையை எங்கள் ஆறு பேருக்கும் வாங்கினேன்.

மருந்து துணியிலேயே ஏறியிருக்கிறது, கொசு வந்து உட்கார்ந்தால் அதன் நரம்பைத் தாக்கிவிடும். வாடை இல்லை. முதுகிலும் தோளிலும் கடி நன்றாகவே குறைந்தது. பெண்கள் எப்படியும் புடவைக்கு மேல் சட்டை போட்டுத்தான் வேலை பார்ப்பார்கள், அதனால் யாரும் மறுக்கவில்லை, ஆனால் கணுக்காலில் கடி அப்படியே இருக்கிறது, ஏடிஸ் தேடி வருவதே அங்கேதான். கால், கழுத்து, கைக்கெல்லாம் தனியாகக் கொசு விரட்டும் களிம்பு பூசியே ஆக வேண்டும். இதோடு ஒரு பேன்ட்டும் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

ஆலையில் மருந்து ஏற்றிய துணி 70 சலவை வரை தாங்கும் என்கிறார்கள். நாமே 0.5 சதவீத மருந்தைத் துணியில் தெளித்தால் ஐந்தாறு சலவைதான். அப்புறம், தயவுசெய்து ஓடையில் துவைக்காதீர்கள், அந்த மருந்து மீனைக் கொன்றுவிடும்.

கம்பெனி சட்டை விலை அதிகம்தான், தோட்ட முதலாளிகள்தான் வாங்கித் தர வேண்டும்.